கடல்நீரும் சுண்ணாம்புப் பாசிகளும்

(வட்டார வளர்ச்சி அலுவலர், குண்டடம்)

குண்டடம் வட்டாரத்தில் கடல் இல்லை. மழை பெய்தால் உப்பாற்றில் நீர் ஓடும்; பெய்யாவிட்டால் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் வாய்க்கால் தண்ணீரையும் நம்பி வாழ்கிறோம். தென்னை, மக்காச்சோளம், ஆடு மாடு, சந்தை விலை ஆகியவற்றைப் பற்றிப் பேசும் இடத்தில் கடற்பாசியைப் பற்றிய பாடம் எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். நம் மாநிலத்தின் கடலோரத்தில் பவளப்பாறைகளைப் பிணைத்து நிறுத்தும் ஒருவகைப் பாசியின் வாழ்வு, உள்நாட்டில் நாம் எரிக்கும் எண்ணெயோடும் நிலக்கரியோடும் பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு வேண்டிய அடிப்படை அறிவு முழுவதும் நம் உழவர்களிடம் முன்னரே இருக்கிறது. ஏனெனில் இது சுண்ணாம்பைப் பற்றிய பாடம். சுண்ணாம்பின் குணத்தை நம்மவர் நன்கறிவர்.

சுண்ணாம்பின் குணம்

நம் வட்டாரத்தின் செம்மண்ணில் பல இடங்களில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. கிணறு வெட்டும்போது வெண்ணிறக் கற்கள் கிடைப்பதைப் பார்த்திருக்கிறோம். அத்தகைய நிலத்தடி நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு தங்குகிறது. சொட்டுநீர்ப் பாசனம் அமைத்த தோட்டங்களில் இந்தப் படிவு சொட்டும் துளைகளை அடைத்துவிடுகிறது. அப்போது உழவர்கள் என்ன செய்கிறார்கள்? நீருடன் அமிலத்தை அளவாகக் கலந்து குழாயில் செலுத்துகிறார்கள். சுண்ணாம்பு கரைந்து, துளை திறக்கிறது.

அமிலம் பட்டதும் சுண்ணாம்புக் கல் நுரைத்துப் பொங்குமன்றோ? அந்த நுரையில் வெளிவருவது கரியமில வாயுவேயாகும். காளவாயில் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போதும் இதே வாயு வெளியேறுகிறது. தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். எஞ்சிய 44 கிலோவும் கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். அந்தச் சுண்ணாம்பை நீற்றிச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக மீண்டும் பற்றிக்கொண்டு இறுகிக் கல்லாகிறது.

இவற்றிலிருந்து இரண்டு உண்மைகளை மனத்தில் இருத்திக்கொள்வோம். சுண்ணாம்புக் கல்லின் உடலில் கரியமில வாயு அடங்கியிருக்கிறது என்பது ஒன்று. அமிலம் மிகுந்த இடத்தில் சுண்ணாம்பு நிலைப்பதில்லை என்பது மற்றொன்று.

பாறையைப் பிணைக்கும் பாசி

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில், மன்னார் வளைகுடாவில், 21 சிறு தீவுகள் ஒரு மாலைபோல் அமைந்திருந்தன. அத்தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் சேர்த்து 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. 1989ஆம் ஆண்டில் அப்பகுதி 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. மீனவர் கடலடிப் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பர். மீன் குஞ்சு பொரித்து வளரவும், நண்டும் இறாலும் ஒதுங்கவும் பார் இடந்தருகிறது. அலையின் வேகத்தைத் தணித்துக் கரையையும் காக்கிறது.

பவளப்பாறையைப் பவளப்பூச்சிகள் மட்டுமே கட்டுவதாகப் பலர் எண்ணுகின்றனர். கல் அடுக்குபவர் அவர் எனில், சாந்து பூசுபவர் வேறொருவர் உண்டு. அவரே சுண்ணாம்புப் பாசி. செம்பாசி இனத்தைச் சேர்ந்த இது, பாறையின்மேல் இளஞ்சிவப்பு வண்ணம் தீட்டியதுபோல் படர்ந்திருக்கும். தொட்டால் பாசியின் வழுவழுப்பு இராது, கல்லைப்போல் கடினமாயிருக்கும். செடிகளைப் போலவே வெயிலைக்கொண்டு உணவு சமைக்கும். அதனோடு, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தன் உடலையே கல்லாக்கிக்கொள்ளும்.

இப்பாசி ஆற்றும் தொண்டுகள் மூன்று. முதலாவது, அலையால் உடைந்து கிடக்கும் பவளத் துண்டுகளின்மேல் படர்ந்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. இந்தப் பிணைப்பு இல்லையேல் உடைந்த பவளம் வெறும் சல்லிக் குவியலாய் உருண்டுகொண்டிருக்கும். இரண்டாவது, நீரில் மிதந்து திரியும் பவள இளவுயிர்கள் பலவும் குடியேறத் தேர்ந்தெடுக்கும் நாற்றங்காலாக இப்பாசி விளங்குகிறது. இது வெளியிடும் பொருள்களை உணர்ந்தே அவை ‘இங்கே தங்கலாம்’ எனத் தெளிகின்றன. மூன்றாவது, சுண்ணாம்புப் பாசிகள் மடிந்தபின் அவற்றின் கல்லுடல் நொறுங்கி மணலாகிறது. பச்சைப் பாசி இனத்தில் ‘ஹாலிமீடா’ என்றொன்று உண்டு. நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியைக் கைவிரல் அளவுக்குச் சிறிதாக்கியதுபோல், தட்டையான துண்டுகள் கோத்த வடிவில் அது வளரும். வெப்பக் கடல்களின் தீவுகளில் காணும் வெண்மணலில் இதன் துண்டுகளுக்குப் பெரும் பங்குண்டு.

இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார், பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கடற்பாசிகளை ஆராய்ந்து 1927ஆம் ஆண்டில் எழுதினார். 1947ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமும் பல ஆண்டுகள் மண்டபத்தில் இருந்தது. ஆதலின் இக்கடலின் செல்வம் நம் அறிஞர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்ததே.

கரியமில வாயு கடலுக்குள் புகும் வகை

நிலக்கரி, டீசல், பெட்ரோல் ஆகியவற்றை எரிக்கும்போது கரியமில வாயு உண்டாகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.6 கிலோ கரியமில வாயு தோன்றும். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோவுக்கும் குறைவாயிருக்க, இத்தனை எடை எங்கிருந்து வந்தது என ஐயுற வேண்டா. எண்ணெயிலுள்ள கரியோடு காற்றிலுள்ள பிராணவாயு சேர்வதால் எடை கூடுகிறது.

இயந்திரத் தொழில் பெருகுமுன் காற்றின் 10 லட்சம் பங்கில் கரியமில வாயு ஏறத்தாழ 280 பங்காக இருந்தது. 1958ஆம் ஆண்டில் சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க அறிஞர் ஹவாய்த் தீவின் மலையொன்றில் இதை இடைவிடாது அளக்கத் தொடங்கியபோது அது ஏறத்தாழ 315 ஆகியிருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. கடல் இவ்வாறு செய்யாதிருந்தால் உலகம் இன்னும் அதிகமாக வெப்பமடைந்திருக்கும். ஆனால் அந்த உதவிக்குக் கடல் ஒரு விலை கொடுக்கிறது.

கரியமில வாயு நீரில் கரைந்தால் கரியமில அமிலம் உண்டாகிறது. சோடாவைக் குடிக்கும்போது நாவில் சுறுக்கென்று படுவது இதுவே. மண் பரிசோதனை அட்டையில் ‘பி.எச்.’ என்றொரு எண் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அது 7 ஆனால் நடுநிலை; கூடினால் களர்த்தன்மை; குறைந்தால் அமிலத்தன்மை. கடலின் மேற்பரப்பு நீரில் இந்த எண் முன்பு ஏறத்தாழ 8.2, இப்போது ஏறத்தாழ 8.1. ஒரு புள்ளிதானே என்று அலட்சியம் செய்தல் கூடாது. இந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலக் கூறு பத்து மடங்காகும். 0.1 இறங்கினாலே அது நான்கில் ஒரு பங்கு கூடியிருக்கிறது என்பது கணக்கு. கடல் அமிலமாகிவிட்டது என்று இதற்குப் பொருளன்று. கடல்நீர் இன்னும் காரத்தன்மை உடையதே. ஆனால் அது போகும் திசை அமிலத்தை நோக்கியது.

பாசிக்கு இதனால் விளையும் தீங்கு யாது? கல்லுடல் கட்ட அதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று கால்சியம், கடலில் அதற்குக் குறைவில்லை. மற்றொன்று கார்பனேட். புதிதாக உண்டான அமிலக் கூறு இந்தக் கார்பனேட்டைப் பிடித்துப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. வீடு கட்டுபவன் வாங்கி அடுக்கிய செங்கல்லை வேறொருவன் வண்டியில் ஏற்றிச் சென்றதற்கு இது ஒப்பாகும். கொத்தனார் இருக்கிறார், மணல் இருக்கிறது, செங்கல் குறைந்துவிட்டது. பாசி கட்டுவதை உடனே நிறுத்திவிடுவதில்லை. அதே அளவு கட்ட அதிக வலிமையைச் செலவிடுகிறது. கட்டியதும் எளிதில் கரைகிறது.

பள்ளியில் செய்து பார்க்கத்தக்க சோதனை

இதனைக் கண்ணாரக் காண ஓர் எளிய வழி உண்டு. வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பில் சிறிதளவை ஒரு கண்ணாடிக் குவளைத் தூய நீரில் கலக்கி, மூடித் தெளியவிடுக. மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வேறொரு குவளையில் இறுத்துக்கொள்க. அதில் ஒரு குழலின் வழியே மெல்ல ஊதினால் நீர் பால்போல் வெளுக்கும். நம் மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு கூடிச் சுண்ணாம்புக் கல்லின் நுண்துகளாகிவிட்டது. பின்னர் அந்தப் பால்நிற நீரில் சிறிதளவை எடுத்து, அதனினும் பல மடங்கு சர்க்கரை சேராத குளிர்ந்த சோடாவை ஊற்றுக. வெண்மை மறைந்து நீர் தெளியும். தோன்றிய கல்துகள் கரைந்துவிட்டது.

கல்லைத் தோற்றுவித்ததும் கரியமில வாயு. மிகையானபோது அதைக் கரைத்ததும் கரியமில வாயு. இப்பாடத்தின் சாரம் இவ்விரு குவளைகளில் அடங்கிவிடுகிறது. சோதனையை ஆசிரியர் மேற்பார்வையில் செய்க. சுண்ணாம்பு நீரை உறிஞ்சலாகாது, கண்ணில் படலாகாது. கடல்நீர் சோடாவைப்போல் அமிலமன்று என்பதையும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்க. சோதனையில் நொடியில் நிகழ்வது, கடலில் பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல நிகழ்கிறது.

ஆராய்ச்சிகள் கூறுவது

சுண்ணாம்புக் கல்லில் பல வகை உண்டு. படரும் செம்பாசிகள் கட்டுவது மக்னீசியம் மிகுந்த வகை. பவளமும் சிப்பியும் கட்டும் வகைகளைவிட இது எளிதில் கரையும். ஆகவே கடலின் மாற்றத்தை முதலில் உணர்வோருள் இப்பாசியும் ஒன்று.

ஹவாயில் நடந்து 2008ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இதை உறுதிப்படுத்தியது. தொட்டிகளில் கடல்நீரை ஓடவிட்டு, சிலவற்றில் மட்டும் கரியமில வாயுவால் உண்டாகும் அமில நிலையை அறிஞர்கள் கூட்டினர். அவற்றில் சுண்ணாம்புப் பாசி புதிதாகப் பற்றுவதும் படர்வதும் மிகக் குன்றின. கல்லுடல் இல்லாத பாசிகளோ பெருகின. இத்தாலியின் இஸ்கியா தீவருகிலும் பாப்புவா நியூகினியிலும் கடலடியிலிருந்து கரியமில வாயு இயற்கையாகவே குமிழியிட்டு வரும் இடங்கள் உண்டு. அங்கும் அக்குமிழிகளை நெருங்க நெருங்கச் சுண்ணாம்புப் பாசிகள் அருகிப்போவதைக் கண்டனர்.

உழவருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். பயிர் தளர்ந்த நிலத்தில் களை தழைக்கிறது. கல்லுடல் இல்லாத பாசிக்குக் கரியமில வாயு கூடினால் பெரும்பாலும் இழப்பில்லை. சிலவற்றுக்கு அது உரமாகவும் ஆகலாம். எல்லாச் சுண்ணாம்புப் பாசிகளும் ஒரே அளவில் துன்புறுவதில்லை என்பதும், சில வகைகள் ஓரளவு தாங்குகின்றன என்பதும் உண்மையே. ஆயினும் இவற்றுக்கு வந்த இடுக்கண் ஒன்றன்று, இரண்டு. கடல் வெப்பமும் உடன் ஏறுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் நீர் அளவு கடந்து சூடேறியதால் பவளங்கள் வெளுத்தன, பல மடிந்தன. மடிந்த பவளத்தின்மேல் எந்தப் பாசி முந்திப் படர்கிறது என்பதே அந்தப் பாரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி முந்தினால் புதிய பவளம் வந்து குடியேறும். களைப்பாசி முந்தினால் இடம் கைமாறிவிடும்.

மன்னார் வளைகுடா தரும் பாடம்

அக்கடலில் மனிதர் நேரே செய்த தீங்கும் உண்டு. முன்னாட்களில் பவளப் பாறையை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினர். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. தீவைச் சுற்றிய பாறையை அகற்றியபின், அலையின் முழு வேகமும் மணல்மீது மோதியது. வரப்பை வெட்டிவிட்டு மழையைக் குறைகூற முடியுமா?

2001ஆம் ஆண்டில் பாறை கட்டும் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. தூத்துக்குடியை அடுத்த வான் தீவு பெரிதும் தேய்ந்து மறையும் நிலையை அடைந்தபோது, 2015ஆம் ஆண்டு முதல் அதன் கடற்புறத்தில் சிமெண்டினாலான செயற்கைப் பாறைகளை இறக்கி அலையைத் தணிக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. சட்டமும் முயற்சியும் கூடினால் பயனுண்டு என்பதற்கு இவை சான்றுகளாகும். ஆனால் பாறை வெட்டுவோரைத் தடுக்கக் காவலர் போதும். காற்றின் வழியே கடலில் இறங்கும் கரியமில வாயுவைத் தடுக்க எந்தத் தீவிலும் காவல் போட இயலாது. அது புறப்படும் இடத்திலேதான் தடுத்தாக வேண்டும்.

மேல்மடையும் கடைமடையும்

இங்கு நம் மாவட்டத்தின் வரலாற்றை நினைவுகூர்தல் பொருந்தும். பாசனத்துக்கென ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டிய அணை 1992ஆம் ஆண்டில் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி உழவர்களின் கிணறும் நிலமும் கெட்டன. அவர்கள் நீதிமன்றத்தை நாடினர்; 2011ஆம் ஆண்டு ஜனவரியில், கழிவுநீரை அறவே வெளியிடாத நிலையை எய்தாத சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மேல்மடையில் விடும் கழிவைக் கடைமடை ஏன் குடிக்க வேண்டும் என்பதே அன்று கொங்கு உழவர் எழுப்பிய கேள்வி. அது நேர்மையான கேள்வி.

கரியமில வாயுவைப் பொறுத்தவரை நாமும் மேல்மடையில் நிற்கிறோம். கடைமடையில் நிற்பவர் பாம்பனிலும் வேம்பாரிலும் தூத்துக்குடியிலும் வலைவீசும் குடும்பத்தார். உலகின் பெருந்தொழில் நாடுகள் வெளியிட்டதோடு ஒப்பிட்டால் நம் கிராமத்தின் பங்கு மிகச் சிறிது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அன்று நாம் கேட்ட கேள்விக்குத் தகுந்த விடையை, இன்று நம் அளவில் நாம் வைத்திருத்தல் வேண்டும்.

இரண்டு ஐயங்கள்

அமில நிலத்துக்குச் சுண்ணாம்பு இடுவதுபோல் கடலுக்கும் இட்டால் என்ன என்று கேட்கலாம். கடலின் அளவு ஒருபுறமிருக்க, சுண்ணாம்பைச் சுடும்போதே 100 கிலோ கல்லுக்கு 44 கிலோ கரியமில வாயு வெளிவருவதை முன்னர்க் கண்டோம். விறகும் கரியும் எரிப்பது வேறு. கடலடியிலுள்ள சுண்ணாம்புப் படிவுகள் இயற்கையாகக் கரைந்து இந்த அமிலத்தை ஈடுசெய்யும் என்பதும் உண்மை. ஆனால் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும்.

மரம் நட்டால் போதாதா என்பது மற்றொரு ஐயம். மரம் வளரும்போது கரியமில வாயுவை ஏற்கிறது, நிழலும் தீவனமும் தருகிறது, ஆகவே நடுவோம். ஆனால் பூமிக்கடியில் புதைந்து கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் எடுத்து எரித்துக்கொண்டே இருந்தால் மரம் மட்டும் அக்கணக்கை நேர்செய்யாது. எரிப்பதைக் குறைப்பதே முதல் மருந்து.

ஊராட்சியில் செய்யத்தக்கவை

1. நம் பகுதியில் காற்றாலைகள் பல சுழல்கின்றன, வெயிலுக்கும் பஞ்சமில்லை. டீசல் எஞ்சின் வைத்திருப்போர் சூரியசக்தி பம்புசெட்டுக்கு மாறலாம். இதற்கான மானிய விவரத்தை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறிக.

2. தேய்ந்த மோட்டாரும் கசியும் குழாயும் மின்சாரத்தை விழுங்குகின்றன. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. ஊராட்சியின் குடிநீர் மோட்டார்களையும் தெருவிளக்குகளையும் ஆண்டுக்கொருமுறை தணிக்கை செய்தால் ஊராட்சியின் மின்செலவும் குறையும்.

3. தென்னை மட்டையையும் சோளத்தட்டையும் வயலில் கொளுத்தாமல் தூளாக்கி மூடாக்கிடுக, உரக்குழியில் இடுக. ஈரம் காக்கப்படும், கரிச்சத்து மண்ணில் சேரும்.

4. கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளை ஒருமுறையேனும் எடுத்துரைக்கலாம். ஐக்கிய நாடுகள் 2015ஆம் ஆண்டில் வகுத்த நிலையான வளர்ச்சி இலக்குகளில் பதினான்காவது கடலைப் பற்றியது. கடல்நீர் அமிலமாதலைக் குறைத்தல் அதில் இடம்பெற்றுள்ளது. ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தீட்டும்போது எரிபொருள் சிக்கனத்துக்கு ஓரிடம் ஒதுக்குதல் இவ்விலக்குக்கும் துணைசெய்யும்.

இவற்றால் நாளையே கடல் மாறிவிடும் என்று நாம் கூறவில்லை. ஆனால் இவற்றுள் ஒன்றேனும் உழவருக்கு நட்டம் தருவதன்று. டீசல் செலவு மிஞ்சும், மின்சாரம் மிஞ்சும், மண் வளம்பெறும். நம் தோட்டத்துக்கு நன்மை தரும் செயலே, நாம் கண்டிராத ஒரு பாரில் கல்லோடு கல்லை ஒட்டவைக்கும் சிறு பாசிக்கும் துணையாகுமெனில், அதைத் தள்ளிப்போட நியாயமில்லை. இவ்வாண்டே தொடங்குவோமாக.

படிப்பு வட்டங்களில் கலந்துரையாட

1. சொட்டுநீர்க் குழாயில் அமிலம் விடுவதற்கும் கடலில் நிகழும் மாற்றத்துக்கும் உள்ள ஒற்றுமை எது? வேற்றுமை எது?

2. சுண்ணாம்புப் பாசி ஆற்றும் மூன்று தொண்டுகள் யாவை?

3. பி.எச். எண் 0.1 குறைவது ஏன் சிறிய மாற்றமன்று?

4. நம் ஊராட்சியில் ஓராண்டில் எத்தனை லிட்டர் டீசல் எரிகிறது? லிட்டருக்கு 2.6 கிலோ வீதம் கரியமில வாயுவின் எடையைக் கணக்கிடுக. அதில் எதைக் குறைக்க இயலும்?